ஐஸ் பெட்டியும் மலை ஓடையும்

1882-இல் பிரவுன் ட்ரவுட் மீனின் முட்டைகள் பிரிட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு வந்தபோது, ரயில் நாவலப்பிட்டியோடு நின்றுவிட்டிருந்தது. ஹட்டனுக்கு அது 1884-இலும் நானுஓயாவுக்கு 1885-இலும்தான் ஏறியது. செங்கடலின் வெக்கையையும் கொழும்பின் புழுக்கத்தையும் தாண்டிய முட்டைகள், கடைசி ஏற்றத்தை வண்டிப்பாதையில்தான் கடந்தாக வேண்டும். குளிர் நாட்டு மீன் ஒன்று பூமத்திய ரேகைக்கு ஏழு டிகிரி வடக்கே குடியேறிய கதையை ஐஸ் கட்டியின் வெற்றியாகச் சொல்வது வழக்கம். ஐஸின் பங்கு பயணத்தோடு முடிந்துவிட்டது என்பது என் வாதம். அதற்குப் பிறகு மீனைக் காப்பாற்றியவை மலையின் உயரம், காட்டின் நிழல், நிற்காத ஓட்டம் ஆகிய மூன்றுதான். சித்திரை வெயிலில் கொழும்பிலோ சென்னையிலோ ஐந்நூறு லீட்டர் கண்ணாடித் தொட்டியைக் குளிரவைக்கத் திண்டாடுகிறவருக்கும் இந்த மலைநாட்டு வரலாற்றில் பாடம் இருக்கிறது.

ஐஸால் எதைச் செய்ய முடியும் என்பதை 1864-இல் 'நோர்ஃபோக்' என்ற கப்பல் காட்டியது. அதற்கு முன் பலமுறை தோற்ற ஜேம்ஸ் யூல், பாசியும் கரியும் பரப்பிய சிறு பெட்டிகளில் சால்மன், ட்ரவுட் முட்டைகளை அடுக்கி, ஐஸ் குவித்த அறையில் வைத்து, வெப்பமண்டலக் கடல் வழியாக ஏறத்தாழ மூன்று மாதப் பயணத்தில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். அங்கிருந்து டாஸ்மேனியாவுக்குப் போய் அவை பொரித்தன. குளிரில் முட்டையின் வளர்ச்சி மந்தமாகும். ரெயின்போ ட்ரவுட் முட்டை 10 டிகிரி செல்சியஸில் பொரிக்க ஒரு மாதம் எடுக்கும்; சூடு கூடினால் நாள் குறையும். அந்த மந்தத்தைத்தான் யூல் பயன்படுத்திக்கொண்டார். ஆனால் ஈரப் பாசியில் அடுக்கிய முட்டையைக் குளிர்விப்பது வேறு, நீர்நிலையைக் குளிர்விப்பது வேறு. ஐந்நூறு லீட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 26-க்கு இறக்க 2,000 கிலோகலோரி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஐஸால் அதைச் செய்தால் ஏறத்தாழ 19 கிலோ கரைய வேண்டும். மறுநாள் மறுபடியும் அதே 19 கிலோ. அதே வெப்பத்தை மூன்றரை லீட்டர் தண்ணீர் ஆவியாகும்போதே கொண்டுபோய்விடும். தொட்டியின் மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின் மேல் காற்றாடியைத் திருப்பிவைப்பது ஐஸ் போடுவதைவிடப் பலன் தருவது இதனால்தான். காற்றில் ஈரம் மிகுந்த கொழும்பில் இந்த வழி மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நுவரெலியா ஓடைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நகரின் சராசரி வெப்பநிலை 16 டிகிரிக்கு அருகில். இன்னும் மேலே ஹோட்டன் சமவெளியில் 13. இருந்தும் முதலில் வந்த பிரவுன் ட்ரவுட் நிலைகொள்ளவில்லை. விட்ட மீன் வளர்ந்தது, இனம் பெருகவில்லை. வெளியிலிருந்து திரும்பத் திரும்ப முட்டை தருவிக்க வேண்டியிருந்தது. 1889-இல் வந்த ரெயின்போ ட்ரவுட்தான் மலை ஓடைகளில் தானாகவே பெருகியது. 1896-இல் உருவான இலங்கை மீன்பிடிக் கழகத்தின் துரைமார் தூண்டில் போட்டது பிற்பாடு பெரும்பாலும் இந்த மீனுக்குத்தான். வளர்ந்த மீன்கள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூட்டைத்தான் தாங்கும். வேறுபாடு முட்டையில் இருக்கிறது. பிரவுன் முட்டை 12, 13 டிகிரிக்கு மேல் பெரும்பாலும் அழிந்துபோகும். ரெயின்போ முட்டை அதைவிட இரண்டொரு டிகிரி கூடுதலாகப் பொறுக்கும். இலங்கையின் அனுபவத்தையே நீலகிரியும் கண்டது. அங்கே 1860-களில் ஃபிரான்சிஸ் டே என்பவர் ட்ரவுட்டைக் குடியேற்ற முயன்று தோற்றார். 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்த பிறகு, 1909, 1910-இல் இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து போன ரெயின்போவே அங்கு வேரூன்றியது. பனி உருகி ஓடும் காஷ்மீரிலோ பிரவுன் ட்ரவுட் செழித்தது.

வெப்பத்துக்கு இவ்வளவு இடம் கொடுப்பது மிகை என்று ஒருவர் மறுக்கலாம். மீன் முட்டையிடும் பருவத்தைப் பகலின் நீளம் தீர்மானிக்கிறது. ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக உள்ள நாட்டில் பிரவுன் ட்ரவுட் குழம்பியிருக்கலாம் அல்லவா? இருக்கலாம். ஆனால் பூமத்திய ரேகையை ஒட்டிய கென்யாவின் அபர்டேர் மலையின் குளிர்ந்த ஓடைகளில், 1905-இல் விட்ட பிரவுன் ட்ரவுட் நிலைத்துவிட்டது. அங்கும் பகல் மாறுவதில்லை. ஆகவே பகல் மட்டும் காரணமாகாது. இன்னொரு மறுப்பு கனமானது: மீனைக் கொல்வது சூடல்ல, சூட்டால் குறையும் ஒட்சிசன்தான். இதில் பாதி உண்மை உண்டு. 15 டிகிரியிலுள்ள தண்ணீர் கடல் மட்டத்தில் லீட்டருக்கு 10 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும். நுவரெலியாவில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவதால் அது 8 ஆகிவிடும். கொழும்பில் 26 டிகிரித் தண்ணீர் பிடிப்பதும் அதே 8தான். ஒட்சிசன் மட்டுமே பிரச்சினை என்றால் கொழும்புத் தண்ணீரிலும் ட்ரவுட் வாழ வேண்டுமே! வாழாது. சூடு ஏற ஏற மீனின் உடல் கேட்கும் ஒட்சிசன் கூடுகிறது. தண்ணீர் தரக்கூடியதோ குறைகிறது. இரண்டுக்கும் இடையில் மீன் நசுங்குகிறது. காற்றுப் பம்பு தண்ணீர் தருவதைக் கொஞ்சம் சரிசெய்யும், மீன் கேட்பதைக் குறைக்காது. வெயில் நாளில் தொட்டி மீனுக்கு இரையைக் குறைத்துப் போடச் சொல்வதும் அந்தத் தேவையைத் தணிக்கத்தான்.

மலையின் உயரத்தை யாரும் செய்யவில்லை. நிழலோ அப்படி அல்ல. கோப்பிக்காகவும், 1869-இல் இலை நோய் தொடங்கி அது வீழ்ந்த பிறகு தேயிலைக்காகவும், தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் கையால் மலைச்சரிவுகள் மொட்டையாகின. மரம் போன ஓடையில் வெயில் நேரே விழும். மழை நீர் மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவிட, கோடையில் ஓடை மெலியும். மெலிந்த ஓடை விரைவில் சூடாகும். 1873-இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை விட்டுவைக்கும்படி சொன்ன ஆலோசனையை அரசு ஏற்றது. நுவரெலியாவைச் சுற்றித் தேயிலை அந்தக் கோட்டையும் தாண்டி ஏறியது உண்மை. ஆனாலும் ஹோட்டன் சமவெளியின் காடு தப்பியது. மீனை மனத்தில் வைத்துச் சொன்னதல்ல அந்த ஆலோசனை. ஒன்பது ஆண்டு கழித்து வந்த மீனுக்கும் அதுவே குளிர் காத்தது. தோட்டத்து லயங்களுக்குப் பக்கத்தில் பீலியில் விழும் தண்ணீர் கோடையிலும் கையைச் சிலிர்க்கவைப்பது, மேலே ஊற்றுக்கண்ணை மூடிய காடு எஞ்சியிருக்கும் இடங்களில்தான். கண்ணாடித் தொட்டிக்கும் கணக்கு இதுவே: இயந்திரம் வாங்குமுன் ஜன்னல் வெயிலை மறைக்க வேண்டும், தண்ணீரை ஓடவிட வேண்டும், அறையின் சூட்டைத் தாங்கும் மீனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தக் குளிரின் பயனை அனுபவித்தவர் யார் என்று கேட்பதும் நியாயம். தூண்டில் துரைமாருடையது; காட்டை வெட்டியவர்களும் பாதை போட்டவர்களும் அதில் பங்கு கேட்டதில்லை. ஹோட்டன் சமவெளி ஓடைகளில் மட்டுமே வாழும் சிறு இறால் இனம் ஒன்றுக்கு ரெயின்போ ட்ரவுட் இன்று ஆபத்தாக இருக்கிறது. ஆனாலும் வந்த மீனுக்கும் மண்ணின் இறாலுக்கும் வேண்டியது ஒரே குளிர்நீர்தான். தண்ணீர் சூடாகிக்கொண்டே போனால் இரண்டும் மேலேறத்தான் பார்க்கும்; ஆனால் இந்த நாட்டின் மிக உயர்ந்த பிதுருதலாகல மலையே 2,524 மீட்டரோடு முடிந்துவிடுகிறது. 1882-இல் ஐஸ் பெட்டிக்கு ஒரு மலை காத்திருந்தது. அந்த மலைக்கு மேலே இன்னொரு மலை இல்லை.