குறையை ஒப்புக்கொண்ட எந்திரம்

பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஹென்றி ரோலண்ட் 1882-இல் அறிவித்த கோடு கீறும் எந்திரம், மெருகேற்றிய உலோகப் பரப்பில் வைரமுனையால் அங்குலத்துக்கு 14,438 கோடுகள் கீறியது. ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறத்தாழ 1.76 மைக்ரோமீட்டர். சூரிய ஒளியை நிறமாலையாகப் பிரித்துக் காட்டும் அவருடைய கீற்றணிகள் இப்படித்தான் பிறந்தன. இந்தத் துல்லியம் எங்கிருந்து வந்தது? எந்தக் கைவேலையிலும் குறை இருக்கும் என்று ரோலண்ட் முதலிலேயே ஒப்புக்கொண்டார். குறை எங்கே பிறக்கிறது என்று கண்டறிந்து, வடிவமைப்பால் அதை ஈடுகட்டினார். நுண் எந்திரக் கலையின் அடிப்படையே இதுதான் என்பது என் வாதம்.

அவருடைய திருகையே சான்றாகப் பார்க்கலாம். தகட்டை நகர்த்தும் திருகின் புரியில் சிறு பிழை இருந்து, அது ஒவ்வொரு சுற்றிலும் திரும்ப வந்தால், நிறமாலையில் இல்லாத பொய்க்கோடுகள் தோன்றும். லேத்தில் வெட்டிய திருகை அப்படியே நம்ப முடியாது. அதனால் நீளவாக்கில் பிளந்த நீண்ட நட்டை அதன்மேல் இறுக்கி, எமரியும் எண்ணெயும் இட்டு, நட்டை மீண்டும் மீண்டும் முனை மாற்றிப் போட்டுத் தேய்த்தார். நீண்ட நட் பல புரிகளை ஒரே நேரத்தில் தழுவுவதால், மேடான இடம் கூடுதலாகத் தேய்ந்து, பிழைகள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். அடுத்த எதிரி வெப்பம். பத்து சென்டிமீட்டர் எஃகு ஒரு டிகிரி சூடேறினால் ஒரு மைக்ரோமீட்டருக்கு மேல் நீளும். அது கோட்டு இடைவெளியில் பாதிக்கும் அதிகம். ஒரு கீற்றணி முடியப் பல நாட்கள் ஆகும் என்பதால், வெப்பநிலை அதிகம் மாறாத நிலவறையில் எந்திரம் வைக்கப்பட்டது.

இதெல்லாம் ரோலண்டின் மெக்கானிக் தியோடர் ஷ்னைடரின் கைத்திறன்தானே என்று கேட்கலாம். அந்தத் திறன் இல்லாமல் எந்திரமே இல்லை. ஆனால் தேர்ந்த கை பிழையைக் குறைக்குமே தவிர, ஒழிக்காது. மிஞ்சியதைத் தாங்குவது வடிவமைப்பின் வேலை. ஒளி அலையால் அளந்து உடனுக்குடன் திருத்தும் முறை வந்தபின் பழைய கவனம் எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. அம்முறையை எம்.ஐ.டி.யில் நடைமுறைப்படுத்திய ஜார்ஜ் ஹாரிசன், இயற்பியலாளர் மைக்கேல்சன் வடிவமைத்த எந்திரத்தின்மீதுதான் அதைப் பொருத்தினார். அளவிட முடிந்த பிழையை மட்டுமே அது திருத்தும். வைரமுனையின் தேய்மானம் அதற்குத் தெரியாது. ஆகவே எத்தனை கருவிகள் வந்தாலும், தன் எந்திரம் எங்கே தவறும் என்று முன்கூட்டியே கேட்பவரே நல்ல வடிவமைப்பாளர்.