கிந்தா மணலும் அணுக்கப்பலும்

2023ஆம் ஆண்டு டிசம்பரில் சீனத்தின் ஜியாங்னான் கப்பல் கட்டும் நிறுவனம் ஒரு சரக்குக் கப்பலின் வரைவை வெளியிட்டது. இருபது அடிக் கொள்கலன்கள் 24,000 சுமக்கும் அக்கப்பல், தோரியத்தை எரிபொருளாகக் கொண்ட உருகிய உப்பு அணுவுலையால் இயங்கும் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் நார்வேயின் உல்ஸ்டைன் நிறுவனமும் தோரிய உலை பொருத்திய கப்பலொன்றின் கருத்துருவை முன்வைத்து, அதற்குத் 'தோர்' எனப் பெயரிட்டது. இவை வரைபடக் கப்பல்களே. ஆயினும் 2050ஆம் ஆண்டை ஒட்டிக் கப்பல் போக்குவரத்தின் கரிம உமிழ்வை நிகரச் சுழியமாக்க அனைத்துலகக் கடல்சார் அமைப்பு 2023இல் இலக்கு வகுத்தபின், இத்தகைய வரைவுகளை வெறுங்கனவென ஒதுக்குவார் குறைந்து வருகின்றனர். பேராக் மாநிலத்தவராகிய நமக்கோ, இச்செய்தியில் 'தோரியம்' என்னும் சொல் புதியதன்று.

கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் அலசியபின் எஞ்சும் கனமான கருமணலை மலாயில் 'அமாங்' என்பர். அதில் இல்மனைட்டும் சிர்க்கானும் இருக்கும். அவற்றோடு மோனசைட் என்னும் கனிமமும் சிறிதளவு கலந்திருக்கும். அருமண் தனிமங்களையும் தோரியத்தையும் ஒருங்கே கொண்ட கனிமம் அது. குமரிக் கரையின் மணவாளக்குறிச்சி மணலில் 1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்ததும் இதே மோனசைட்டே. அந்நாளில் வாயு விளக்கின் ஒளிவலைக்கே தோரியம் வேண்டப்பட்டது. தோரியம் தானாக எளிதில் பிளவுறாது. நியூட்ரான் ஒன்றை ஏற்று, படிப்படியாக யுரேனியம்-233 ஆக மாறிய பின்னரே எரிபொருளாகும். 1965 முதல் 1969 வரை அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் இயங்கிய உருகிய உப்பு உலை, இறுதிக் கட்டத்தில் யுரேனியம்-233 கொண்டும் ஓடியது. இன்றைய தோரியக் கப்பல் வரைவுகளுக்கு மூத்த முன்னோடி அவ்வுலை.

கப்பலின் உந்துவிசை மாறுவது நம் வரலாற்றுக்குப் புறம்பான செய்தியன்று. மலாய் மொழியின் 'காப்பால்' நம் 'கப்பல்' தந்த சொல். பாய்மரம் பருவக்காற்றுக்குக் காத்திருந்தது, நீராவி காத்திருக்கவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குத் தோட்டத் தொழிலாளரைப் பெருந்தொகையாக, காலம் தவறாது ஏற்றிவர இயன்றது நீராவிக் கப்பல்களாலேயே. நம் பாட்டன் பாட்டியர் பெயர் சொல்லி நினைவுகூர்ந்த 'ரஜுலா'வும் அத்தகையதே. சுங்கை சிப்புட், பத்து காஜா வட்டாரங்களில் பால்மரம் வெட்டிய குடும்பங்களின் வரவை எழுதுவோர், கங்காணியோடு கொதிகலனையும் ஒரு காரணியாகக் கொள்ளுதல் தகும்.

1819இல் நீராவிப் பொறியோடு முதன்முதலாக அட்லாண்டிக்கைக் கடந்த கப்பலின் பெயர் 'சவானா'. அப்பெயரையே அமெரிக்கா தன் முதல் அணு வணிகக் கப்பலுக்கும் இட்டது. 1953இல் குடியரசுத் தலைவர் ஐசனோவர் அறிவித்த 'அமைதிக்கான அணு' கொள்கையின் காட்சிப்பொருளாக 1959இல் அது நீரில் இறங்கியது. பொறியில் பெருங்குறை காணப்படவில்லை. ஆனால் சரக்குக்கும் பயணிகளுக்கும் இடம் பகிர்ந்ததால் இரண்டிலும் ஊதியம் குறைந்தது. அணுப் பயிற்சி பெற்ற பொறியாளர்க்கும் மேல்தள அதிகாரிகளுக்கும் சம்பளத் தகராறு மூண்டு 1963இல் கப்பல் முடங்கியது. பத்தாண்டும் நிறையாமல் அதன் வணிகப் பணி முடிந்தது. ஜெர்மனியின் 'ஓட்டோ ஹான்' 1968 முதல் அணுவிசையால் ஓடி, 1979இல் டீசலுக்கு மாறியது.

நாம் ஆழ்ந்து நோக்கவேண்டியது ஜப்பானின் 'முட்சு'. 1974 செப்டம்பர் 1ஆம் நாள், நடுக்கடல் சோதனையில், உலை தன் ஆற்றலில் 1.4 விழுக்காட்டை எட்டிய அளவிலேயே கவசத்தின் இடைவெளி வழியே கதிர்வீச்சு கசிந்தது. கசிவின் அளவு சிறிது. ஆயினும் முட்சு விரிகுடாவில் சிப்பி வளர்த்த மீனவர்கள், தொடக்கமுதலே தம்மைக் கேளாமல் கப்பலுக்குத் தாய்த்துறை அமைத்ததை எதிர்த்து வந்தவர்கள். அவர்கள் துறைமுகத்துள் அதை நுழையவிடவில்லை. வேறு துறை தேடித் தருவதாக அரசு உடன்பட்ட பின்னரே, அக்டோபர் நடுவில் கப்பல் கரை சேர்ந்தது. பின்னர்ப் பழுது நீக்கவும், புதுத்துறை கட்டவும், சோதனைப் பயணங்களை 1992இல் முடிக்கவும் பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. உலை அகற்றப்பட்ட அக்கப்பல் பின்பு 'மிராய்' என்னும் கடலாய்வுக் கலமாயிற்று.

முட்சுவைத் தடுத்தது இயற்பியல் அன்று என்பது என் கருத்து. கவசத்தைத் திருத்த முடிந்தது. கரையிலிருந்தோரின் நம்பிக்கையைத் திருத்தும் வழி பொறியாளர் கையில் இல்லை.

இதே பாடம் ஈப்போவுக்கு அருகே, லஹாட்டை அடுத்த புக்கிட் மேராவில் கடலின்றியே நிகழ்ந்தது. பெரும்பாலும் சீனர் வாழும் அப்புதுக்கிராமத்தின் பக்கத்தில், ஜப்பானிய வேதித் தொழில் நிறுவனமொன்றின் பங்கோடு அமைந்த ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982இல் இயங்கத் தொடங்கியது. அமாங்கிலிருந்து பெற்ற மோனசைட்டைப் பகுத்து அருமண் தனிமங்களை எடுப்பது அதன் தொழில். தோரியமோ அங்குக் கழிவாக எஞ்சியது. இன்று கப்பலை ஓட்டும் என்று போற்றப்படும் பொருள், அன்று வைக்க இடமில்லாத சுமையாக இருந்தது. முதலில் பாரிட், அடுத்துப் பாப்பான் எனக் கிடங்குக்கு இடம் தேடப்பட்டது. 1984இல் பாப்பான் மக்கள் மறியலிலும் உண்ணாநோன்பிலும் இறங்கினர். நாட்டின் அணுசக்தி உரிமச் சட்டம் இயற்றப்பட்டதும் அவ்வாண்டிலேயே. ஆலை அதற்கு ஈராண்டு மூத்தது.

1985இல் ஊரார் எண்மர் ஈப்போ உயர்நீதிமன்றத்தை நாடினர். அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞருள் மீனாட்சி ராமனும் ஒருவர்; 1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கையின்போது அவரும் தடுத்து வைக்கப்பட்டார். அவ்வாண்டு ஏப்ரலில் ஏறத்தாழ 10,000 பேர் ஆலையை எதிர்த்து ஊர்வலம் சென்றிருந்தனர். கருச்சிதைவும் இரத்தப் புற்றும் ஆலையால் வந்தவை என்றனர் மக்கள், நிறுவனம் மறுத்தது. 1992 ஜூலையில் உயர்நீதிமன்றம் ஆலையை மூட ஆணையிட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஊரார் முதலில் உரிம வாரியத்தை அணுகியிருக்க வேண்டும் என்பது அது சொன்ன காரணங்களுள் ஒன்று. வழக்கில் வென்ற நிறுவனம் 1994 ஜனவரியில் தானே ஆலையை மூடியது. தூய்மைப்பணிக்கு 100 மில்லியன் அமெரிக்க டாலர் செலவானதாக 2011இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. கழிவு, கிளேடாங் மலைத்தொடரில் புதைக்கப்பட்டுள்ளது. தோரியத்தின் அரையாயுள் 1,400 கோடி ஆண்டு.

வகுப்பறையில் இதைக் கற்பிப்போர் ஒன்றைப் பிரித்துக் காட்டவேண்டும்: அருமண் ஆலை வேறு, அணுவுலை வேறு, ஒன்றின் இடரை மற்றொன்றின் மேல் ஏற்றுவது நேர்மையாகாது. ஆனால் தோரியக் கப்பல் ஓட, எங்கோ ஓரிடத்தில் மோனசைட்டைப் பகுத்தாக வேண்டும். எங்கோ ஓர் ஊரின் அருகே கழிவை வைத்தாக வேண்டும். வரைவுகள் கப்பலோடு நின்றுவிடுகின்றன.

சட்டமும் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. அணுக்கப்பலால் நேரும் கேட்டுக்கு யார் இழப்பீடு தருவது என்பதற்கு 1962இல் பிரசல்ஸ் நகரில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. அது நடைமுறைக்கு வரவே இல்லை. ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட உடன்படிக்கையை மலேசியா 1996 அக்டோபர் 14இல் ஏற்றபோது, அணுவிசைக் கப்பல்கள் தன் ஆட்சிக்கடலுள் நுழையுமுன் அனுமதி பெறவேண்டும் என்று அறிவித்தது. அதே உடன்படிக்கையின் மூன்றாம் பகுதியோ, அனைத்துலக நீரிணைகளைக் கடந்துசெல்லும் உரிமையைத் தடுக்கலாகாது என்கிறது. லுமுட் துறைக்குள் வர விரும்பும் அணுக்கப்பல் நம் இசைவைக் கேட்டாக வேண்டும். ஆனால் மலாக்கா நீரிணை குறுகும் தென்பகுதியில் நில்லாமல் கடந்துபோகும் கப்பலும் கேட்கவேண்டுமா என்பதற்கு, அவ்வறிவிப்பும் அவ்விதியும் இருவேறு விடை தருகின்றன.