ஓட்டுச் சில்லில் ஒரு கடிகாரம்

மாட்டுச் சந்தைக்குப் பெயர்போன மதகடிப்பட்டிலிருந்து ஒருநாள் பயணம் புறப்படுவோம். கிழக்கே வில்லியனூர், பிறகு ஆற்றை ஒட்டி அரிக்கமேடு, தெற்கே பாகூர், மீண்டும் மதகடிப்பட்டு. இந்த வட்டம் முழுவதையும் ஒரு நாளில் நடந்துவிட முடியாது. சாலையில் பஸ்ஸில் செல்வோம்; ஆற்றோரத்தில் மட்டும் நடப்போம்.

முதலில் ஊரிலேயே உள்ள குண்டாங்குழி மகாதேவர் கோயிலைப் பாருங்கள். முதலாம் இராசராசன் காலத்துக் கற்றளி இது. கல்வெட்டில் மன்னன் பெயரும் ஆட்சியாண்டும் இருந்துவிட்டால் காலத்தைக் கணிப்பது எளிது. எழுத்தில் ஆண்டு எதுவும் குறிக்கப்படாத மண்மேட்டின் வயதை எவ்வாறு அறிவது? இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு நடப்போம்.

வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயிலையும், அருகே திருக்காஞ்சியில் சங்கராபரணிக் கரையையும் பார்த்துவிட்டுக் கிழக்கே வருகிறோம். செஞ்சியாறு என்றும் பெயர் பெற்ற இவ்வாறு, கடலை நெருங்கும்போது அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு எனப் பிரிகிறது. அரியாங்குப்பம் ஆற்றின் தென்கரையில், தோப்புகளுக்கிடையே இருப்பதுதான் அரிக்கமேடு.

இம்மேட்டைப் பற்றி முதலில் எழுதியவர்களுள் ஒருவர் வானியலறிஞர் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. பிரெஞ்சுக்காரரான லெ ஜான்தீல், சூரியனை வெள்ளிக்கோள் கடப்பதைக் காணப் புதுச்சேரிக்கு வந்தவர். 1769 ஜூனில் சரியாக அந்த நேரத்தில் மேகம் மறைத்துவிட்டது, பாவம்! ஆனால் ஆற்றங்கரையில் மக்கள் பெரிய பழஞ்செங்கற்களைத் தோண்டி எடுப்பதை அவர் கவனித்து எழுதிவைத்தார். பின்னர் 1930களில் ழூவோ துப்ரேய் என்ற அறிஞர் இங்கு கிடைத்த மணிகளையும் சில்லுகளையும் சேகரித்தார். 1945இல் மார்ட்டிமர் வீலர் முறைப்படி அகழ்ந்தார்.

வீலருக்குக் கிடைத்த பெரும் செல்வம் பொன்னன்று, உடைந்த தட்டுகள். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரின் பெயரால் 'அரெட்டைன்' எனப்படும் பளபளப்பான சிவப்புத் தட்டுகள் அவை. சிலவற்றில் குயவரின் முத்திரையும் இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இவ்வகைத் தட்டுகள் வழக்கொழிந்தன என்பது ஐரோப்பிய அகழாய்வுகளால் தெரிந்திருந்தது. ஆகவே இச்சில்லு கிடைத்த மண்ணடுக்குக்கு ஓர் ஆண்டு கிடைத்தது. அதே அடுக்கில் கிடந்த நம் நாட்டுப் பானைக்கும் அந்த ஆண்டே வயதாயிற்று. அதுவரை காலம் தெரியாதிருந்த தென்னிந்தியத் தொல்பொருள்களுக்கு முதன்முதலாக ஒரு கடிகாரம்! 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் பெருங்கற்காலப் புதைகுழிகளுக்குக் காலம் கணித்தபோதும் வீலர் இந்தக் கடிகாரத்தையே துணைக்கொண்டார்.

இங்கே கொஞ்சம் நிதானிப்போம். தட்டு செய்யப்பட்ட ஆண்டும் அது மண்ணில் விழுந்த ஆண்டும் ஒன்றல்ல. என் பாட்டியின் பித்தளைக் குடம் இன்றும் எங்கள் வீட்டில் புழங்குகிறது. சில்லு தருவது ஒரு கீழெல்லையை மட்டுமே: அந்த அடுக்கு இதற்கு முற்பட்டதன்று என்பதே அது.

இன்னொரு சிக்கலும் உண்டு. உட்புறத்தில் வட்டவட்டமாகப் புள்ளிக்கோடுகள் உடைய 'ரௌலட்டட்' என்னும் தட்டுகளையும் மத்தியதரைக் கடல் நாட்டுச் சரக்கு என்றே வீலர் கருதினார். இதைத் தீர்த்துவைத்தது இயற்பியல். களிமண்ணில் எக்ஸ் கதிரைச் செலுத்தினால், அதிலுள்ள படிகங்கள் தத்தமக்குரிய கோணங்களில் கதிரைச் சிதறச் செய்கின்றன. நியூட்ரான்களால் தாக்கினால், அதிலுள்ள தனிமங்கள் கதிரியக்கம் பெற்றுத் தத்தமக்குரிய காமாக் கதிர்களை வெளியிடுகின்றன. கைரேகை போன்ற இவ்வடையாளங்களைக் கொண்டு, அத்தட்டுகள் இந்திய மண்ணில் வனையப்பட்டவை என்று கண்டனர். 1997இல் புனேயைச் சேர்ந்த கோக்தே, அம்மண் கங்கைக் கழிமுகத்துக்கு உரியது என வாதிட்டார். ரோமாபுரிச் சரக்கு என்று நினைத்தது உள்நாட்டுக் கடல் வணிகத்தின் சான்றாக மாறிவிட்டது!

1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மீண்டும் அகழ்ந்தபோது, ரோமானிய வணிகத்துக்கு முன்பே இங்கு மக்கள் வாழ்ந்ததும், அது குன்றிய பின்னும் வாழ்க்கை தொடர்ந்ததும் தெரியவந்தன. மது வந்த ஆம்போராச் சாடிகள் மேற்கிலிருந்து வந்தவைதாம். ஆனால் கண்ணாடி மணிகளை இவ்வூர்க் கைவினைஞரே செய்தனர். தமிழ்-பிராமி எழுத்துள்ள சில்லுகளும் கிடைத்துள்ளன. ஆகவே 'ரோமானியர் நகரம்' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். இது ரோமாபுரியோடு வாணிகம் செய்த தமிழ் ஊர்.

ஒரு எச்சரிக்கை. மேட்டில் நிற்கும் செங்கல் சுவர்களைக் கண்டு ரோமானியக் கட்டடம் என்று மயங்குவோர் பலர். அவை 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் நடத்திய குருமடத்தின் இடிபாடுகள். தரையில் சில்லு தென்பட்டால் குனிந்து பாருங்கள், பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அடுக்கிலிருந்து பிரிந்த சில்லு, முள் கழன்ற கடிகாரம்.

மாலையில் பாகூருக்குச் சென்றால் மூலநாதர் கோயில். நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், இவ்வூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. மறுநாள் விடுமுறையானால் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கும் போய்வாருங்கள். நாம் மேட்டிலேயே விட்டுவந்த சில்லுகளின் உறவினரை அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் நிதானமாகக் காணலாம்.