வலக்கடியனின் தாகம்

குளத்துத் தண்ணீர்ப் பாம்பை வைத்துக் காப்பாற்ற ஒரு தொட்டி ஜலமும் நாலு தவளையும் போதும். கடற்பாம்பு விஷயம் அப்படியல்ல. பிடிப்பது சுலபம், மீன் வலையில் தானாகவே வந்து விழும். விழுந்ததை உயிரோடு வைத்திருப்பதுதான் பிரம்மப் பிரயத்தனம்.

கடற்பாம்புகளில் ஒன்றுக்கு நம் கரையில் வலக்கடியன் என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பாம்புகளை ஆராய்ந்த பாட்ரிக் ரஸ்ஸல் என்ற வைத்தியர், 1801-ல் வெளிவரத் தொடங்கிய தமது இரண்டாம் பாகத்தில் இந்தப் பெயரைக் காதில் விழுந்தபடியே எழுதிவைத்தார். 1827-ல் போயி என்பவர் அதையே லத்தீன் பெயராக்கிவிட்டார். வலைஞர் பேச்சு எத்தனை தூரம் போயிருக்கிறது, பாருங்கள்! வலையைக் கடிப்பவன் என்றுதான் நான் பொருள் கொள்கிறேன். வலையைத் தொடும் கையையும் கடிப்பான்.

கடி அதிகம் வலிப்பதில்லை; அதுதான் மோசம். முள் குத்தியதென்று எண்ணி ஆள் வேலையைத் தொடர்வான். ஓரிரண்டு நாழிகையில் சதையெல்லாம் வலியெடுக்கும். சில மணி கழித்துச் சிறுநீர் கறுத்துப் போகும். 1950-களில் பினாங்கில் டாக்டர் ரீட் இப்படி வந்த வலைஞர்கள் பலரைப் பார்த்தார். மாற்று மருந்துக்கு விஷம் வேண்டும். விஷத்துக்குப் பாம்பு வேண்டும். பினாங்கில் எடுத்த விஷம் ஆஸ்திரேலியாவுக்குப் போய் மருந்தாகி வந்தது. 1962-ல் அது பலித்த செய்தியை ரீட் வெளியிட்டார்.

பாம்பின் கஷ்டத்தையும் சொல்ல வேண்டுமல்லவா? அதன் வயிற்றில் நிலப்பாம்புக்குள்ள அகலச் செதில் கிடையாது. தரையில் போட்டால் துவண்டு கிடக்கும். கண்ணாடி என்பது அதன் உலகத்தில் இல்லை. மோதி மோதி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். பாறையே இல்லாத நடுக்கடலில் மஞ்சள் வயிற்றுக் கடற்பாம்பு சட்டை உரிக்கும் விதம் விசித்திரம்: தன் உடம்பிலேயே முடிச்சுப் போட்டுத் தன்னைத்தானே தேய்த்துக்கொள்கிறது.

வட்டத் தொட்டி, ஓடும் கடல் ஜலம், பிடித்தமான மீன் எல்லாம் கொடுத்தாயிற்று. குடிக்க? கடலிலே பிறந்து கடலிலே சாகும் பிராணிக்குக் குடிதண்ணீர் எதற்கு என்று நெடுநாள் நினைத்தார்கள். நாக்கின் அடியில் உப்பை வெளியேற்றும் சுரப்பி இருப்பதை 1971-ல் டன்ஸனும் கூட்டாளிகளும் காட்டியதும் அந்த நினைப்புக்கு வலு ஏற்பட்டது. கடல் ஜலத்தைக் குடித்து உப்பைத் தள்ளிவிடும் என்று தீர்மானித்துவிட்டார்கள்.

பாம்பையே கேட்டுப் பார்த்தவர் ஹார்வி லில்லிவைட் என்ற அமெரிக்கர். கோஸ்டா ரிக்காக் கரையில் மழையற்ற காலத்தில் பிடித்த மஞ்சள் வயிற்றுப் பாம்புகளை நல்ல தண்ணீரில் விட்டார், குடித்தன. வற்றிப் போயிருந்தும் கடல் ஜலத்தை அவை குடிப்பதில்லை. 2014-ல் அவரும் கூட்டாளிகளும் எழுதியபடி, ஆறேழு மாதம்கூடத் தாகத்தோடு அவை கடலில் மிதக்கின்றன. பெருமழை பெய்து, உப்பு நீரின் மேல் நல்ல நீர் மெல்லிய ஏடாகப் படியும்போதுதான் குடிக்கின்றன.

தொட்டிக்குள் மழை பெய்யாது. வைத்திருப்பவர்தான் அவ்வப்போது நல்ல தண்ணீரில் விட்டு எடுக்க வேண்டும்.