வெள்ளரிக்கா மூக்கு, வெங்காயக் கன்னம்

மோனலிசாவை ஒரு அஞ்சு வயசுப் பொடிசுகிட்ட காட்டிப் பாருங்க. "இந்த ஆன்ட்டி யாரு?"ன்னு கேட்டுட்டு கார்ட்டூன் பாக்கப் போயிடும். அதுமேல தப்பே இல்ல. அடுத்து ஜூசெப்பே ஆர்ச்சிம்போல்தோ வரைஞ்ச 'கோடை'யைக் காட்டுங்க. மூக்கு வெள்ளரிக்கா, கன்னம் பீச் பழம், பல்லு பட்டாணி. பொடிசு நகராது, நான் கேரண்டி.

ஆர்ச்சிம்போல்தோ இத்தாலியின் மிலான்காரர். அப்பாவும் ஓவியர்தான். மிலான் தேவாலயத்துக் கண்ணாடி ஜன்னல்களுக்குப் படம் வரைஞ்சுட்டு இருந்தவர், 1562-ல ஹாப்ஸ்பர்க் மன்னர்களோட வியன்னா அரண்மனைக்குப் போனார். அடுத்த வருஷமே நாலு பருவங்களையும் நாலு முகமா வரைஞ்சாச்சு. 'குளிர்கால'த்துல பட்டுப்போன மரமே ஒரு கிழவன், உதடு காளான். (ராத்திரி தூங்கப் போற நேரத்துல இதைக் காட்டாதீங்க.)

குழந்தைகிட்ட விளக்கம் எதுவும் சொல்ல வேணாம். "பேர் எங்க ஒளிஞ்சிருக்கு, கண்டுபிடி"ன்னு மட்டும் கேளுங்க. 'கோடை'யோட சட்டை வைக்கோல்ல பின்னினது. கழுத்துப்பட்டையில ஓவியர் பேர், தோள்ல 1563. இதை வச்சு "பாத்தியா, காய்கறி சாப்பிடணும்"னு ஆரம்பிச்சீங்கன்னா மொத்தமும் போச்சு!

என்னைக் கேட்டா, கதை சொல்ல சரியான இடம் அந்தக் காது. அது ஒரு மக்காச்சோளக் கதிர். கொலம்பஸ் அமெரிக்கா பக்கம் போனது 1492-ல. அதுக்கு முன்னாடி ஐரோப்பாவுல மக்காச்சோளமே கிடையாது. எழுபத்தியோரு வருஷத்துல அது கடல் தாண்டி வந்து ஒரு முகத்துக்குக் காதாவே ஆயிடுச்சு. இதைச் சொன்னதும் எங்க அக்கா பையன் கேட்டான், "அப்ப அதுக்கு முன்னாடி அவங்க பாப்கார்ன் சாப்பிட்டதே இல்லையா?" வரலாற்றுக் கேள்வின்னா இதுதாங்க.

தலைகீழ் வித்தையும் உண்டு. கிரெமோனா அருங்காட்சியகத்துல இருக்கற ஒரு படம், ஒரு பக்கம் பாத்தா வெங்காயமும் கீரையுமா ஒரு கிண்ணம். திருப்பினா தோட்டக்காரர்! கிண்ணம் தொப்பியாயிடும், வெங்காயம் கன்னமாயிடும்.

விளையாட்டு மாதிரி தெரிஞ்சாலும் உள்ளுக்குள்ள அரசியல் இருக்கு. பருவங்களும் பஞ்சபூதம் மாதிரி நாலு பூதங்களும் (அவங்க கணக்குல ஆகாயம் கிடையாது) எப்படி உலகத்தை ஆளுதோ, அப்படித்தான் எங்க ராஜாவும்னு சொல்ற ஐஸ் அது. உச்சம், 1590 வாக்குல வரைஞ்ச 'வெர்தும்னுஸ்'. பேரரசர் இரண்டாம் ருடால்ஃபையே பேரிக்காய் மூக்கோட, பருவங்களுக்கான ரோமானியக் கடவுளா வரைஞ்சுட்டார். மூஞ்சி பூரா காய்கறி. கோபமா? ம்ஹூம். 1592-ல ஓவியருக்குப் பிரபு பட்டம் கிடைச்சுது. இன்னிக்கு ஒரு தலைவரை இப்படி வரைஞ்சுட்டு நிம்மதியா தூங்க முடியுமா?

1593-ல அவர் மிலான்ல இறந்தார். அதுக்கப்புறம் ரொம்ப காலம் அவரை யாரும் பெருசா கண்டுக்கல. 1936-ல நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் சர்ரியலிசக் கண்காட்சி வச்சப்போதான் அவருக்கு மறுபடி மவுசு வந்துச்சு. 'வெர்தும்னுஸ்' கதை தனி. 1648-ல ப்ராக் நகரைச் சூறையாடின ஸ்வீடன் படை அள்ளிட்டுப் போனதுல அதுவும் ஒண்ணு. ருடால்ஃபோட காய்கறி முகம் இப்பவும் ஸ்வீடன்ல, ஸ்கூக்ளூஸ்டர் கோட்டைச் சுவர்லதான் இருக்கு.