கற்பேழையில் ஒரு சாணைக்கல்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரிசோனா மாநிலத்தில், பாலைநிலத்தின் நடுவே டூசான் என்றொரு நகரம் உண்டு. 1955-ஆம் ஆண்டில் அந்நகரத்துக் கல் ஆர்வலர் சிலர், தொடக்கப்பள்ளி ஒன்றன் கட்டடத்தில், தாம் தேடிச் சேர்த்த கனிமங்களையும் மணிகளையும் மேசைகளில் பரப்பிப் பொதுமக்களுக்குக் காட்டினர். அச்சிறு காட்சி ஆண்டுதோறும் வளர்ந்து, இன்று உலகின் மிகப் பெரிய கனிமக் கண்காட்சிகளுள் ஒன்றாக விளங்குகிறது. அங்கே கூடுவோர் குனிந்து நின்று வியக்கும் கல் எத்தகையது? நகைக் கடையில் நாம் காணும் பட்டை தீட்டிய கல் அன்று. நிலத்தின் அடியில் இயற்கை எவ்வாறு ஆக்கியதோ அவ்வாறே, முனை மழுங்காமல், தாய்ப்பாறையின் துண்டொன்றைப் பற்றிக்கொண்டு நிற்கும் படிகமே அவர்கட்கு உயர்ந்தது. அதன் அருகே ஒரு சிறு சீட்டு இருக்கும். எந்த நாடு, எந்த மலை, எந்தச் சுரங்கம் என்பதை அது சொல்லும். சீட்டை இழந்த கல் எத்துணை அழகியதாயினும் ஊர் பேர் தெரியாத அனாதை போன்றதே என்று அவர்கள் கருதுவர்.

கல்லைக் கண்டு வியப்பது செல்வர்களின் பொழுதுபோக்குத்தானே, அதனால் அறிவுலகம் அடைந்த பயன் யாது என்று நீங்கள் கேட்கலாம். அக்கேள்விக்கு விடையாக, நம் காவிரிக் கரையிலிருந்து புறப்பட்டு இலண்டன் மாநகரின் பேழைக்குள் புகுந்த ஒரு கல்லின் வரலாற்றை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

அக்கல்லின் பெயர் குருந்தம். குருவிந்தம் என்றும் வழங்கும். நம் நாட்டுக் கைவினைஞர் அதனை நெடுங்காலமாக அறிவர். அதை இடித்துப் பொடியாக்கி, அரக்கோடு கலந்து, சக்கரமாக வார்த்துச் சாணை செய்வர். கத்தி தீட்டவும், மணிகளுக்கு மெருகேற்றவும் அச்சாணை பயன்பட்டது. வைரம் ஒன்று நீங்கலாக மற்ற மணிகள் யாவும் அதற்கு விட்டுக்கொடுக்கும். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், மதுரை மணிக்கடைத் தெருவில் விற்ற மாணிக்க வகைகளுள் ஒன்றாக விந்தம் கூறப்படுகிறது. குருவிந்தம் என்பதன் சுருக்கமே அது. மாணிக்கத்தின் ஒரு வகைக்கும், பார்வைக்கு எளிய சாணைக்கல்லுக்கும் ஒரே பெயரை நம் முன்னோர் வழங்கினர் என்பதை மாணவர்கள் இப்போதே மனத்தில் குறித்துக்கொள்ளுதல் நன்று.

ஐரோப்பாவிலோ, அறிஞர் தம் இல்லங்களில் இழுப்பறைகள் கொண்ட பேழைகளை அமைத்து, அவற்றில் கற்களை அடுக்கி வைக்கும் வழக்கம் பரவியிருந்தது. 1728-இல் மறைந்த ஜான் உட்வர்ட் என்னும் ஆங்கிலேயர் அவர்களுள் ஒருவர். அவருடைய வாதுமைமரப் பேழைகள் இன்றும் கேம்பிரிட்ஜில் காக்கப்பட்டு வருகின்றன. சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்த ஒரு கல்லை அவர் தம் பட்டியலில் ‘நெல்லா கொரிவிந்தம்’ என்று எழுதிவைத்தார். தெலுங்கில் கருமையைக் குறிக்கும் ‘நல்ல’ என்னும் சொல்லே அவ்வாறு திரிந்தது போலும். அது நெல் வயல்களில் கிடைப்பது என்றும், வயல் எலிகள் வளை தோண்டும்போது வெளியே தள்ளுவது என்றும், இரும்பை மெருகிடப் பயன்படுவது என்றும் குறிப்பு எழுதினார். எலி தள்ளிய கல் என்று எண்ணி அதை அவர் ஒதுக்கிவிடவில்லை. எனினும் அதன் இயல்பை ஆராய அக்காலத்தில் வழியில்லை. கல் இழுப்பறையில் உறங்கியது.

ஏறத்தாழ 1767-ஆம் ஆண்டில், எடின்பரோ நகரத்தில் மணிகளில் உருவம் செதுக்கும் வில்லியம் பெரி என்பவருக்குச் சென்னையிலிருந்து டாக்டர் ஆண்டர்சன் ஒரு பெட்டி நிறையப் படிகங்களை அனுப்பினார். அகேட் முதலிய கற்களை அவை எளிதில் அறுப்பதைப் பெரி கண்டார். வேதியியல் பேராசிரியர் ஜோசப் பிளாக், இது ஐரோப்பாவில் அறியப்பட்ட எக்கல்லும் அன்று என்றார். அதன் கடினத்தை நோக்கி, வைரத்தை நினைவூட்டும் ஒரு பெயரையும் அதற்கு இட்டு வழங்கினர்.

இந்த நிலையில்தான் சார்ல்ஸ் கிரெவில் கதைக்குள் வருகிறார். 1749-இல் பிறந்த இவர் வார்விக் பிரபுவின் இளைய மகன். பிரபு குடும்பத்தில் இளைய மகனுக்குப் பட்டமும் இல்லை, பெருநிலமும் இல்லை. இவரோ கையில் பணம் இருந்தபோதும் இல்லாதபோதும் கற்களை வாங்கினார். ஆஸ்திரிய நாட்டுக் கனிமவியல் அறிஞர் இக்னாஸ் பான் பார்ன் என்பவரின் முழுத் தொகுதியையும் 1773-இல் விலைக்குப் பெற்றார். செடிகொடிகளிலும் அவருக்கு அதே பித்து உண்டு. ஏற்காட்டிலும் நீலகிரியிலும் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு நிழல் தருகின்ற சில்வர் ஓக் மரத்தைத் தாவர நூலார் கிரெவில்லியா என்று அழைப்பது இவர் பெயரால்தான்.

1784-இல் இந்தியாவிலிருந்த நண்பர் ஒருவர் வாயிலாக அந்தக் கடினக் கல்லும், ‘குருந்தம்’ என்னும் அதன் உள்நாட்டுப் பெயரும் கிரெவிலை அடைந்தன. வேறொருவராயின் கல்லைப் பெற்றதோடு நிறைவடைந்திருப்பார். கிரெவில் அதைத் துண்டுகளாக்கி வேதியியலாருக்குப் பகிர்ந்தளித்தார். ஜெர்மானிய அறிஞர் கிளாப்ரோத், இதில் புதியதொரு மண் இருக்கிறதென முதலில் கருதினார். பிறகு தாமே ஆராய்ந்து அக்கருத்தைக் கைவிட்டார். கிரெவிலோ மேலும் ஒரு கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இக்கல் எந்த ஊரில், எந்தப் பாறையில் பிறக்கிறது? சென்னை அரசாங்கத்தின் துணையை நாடினார். 1790-களில் கம்பெனி அலுவலர் ஒருவர் திருச்சிராப்பள்ளியிலிருந்து பரமத்திப் பக்கம் சென்று, குருந்தக் குழிகளைக் கண்டு, விவரம் எழுதி அனுப்பினார். இன்றைய நாமக்கல் மாவட்டத்துப் பரமத்திதான் அது. அந்த அலுவலரின் பெயரும், கடிதத்தைப் பெற்ற பிரபு மகனின் பெயரும் ஏட்டில் நின்றன. குழியில் இறங்கிக் கல்லைப் பெயர்த்த நம் ஊர்த் தொழிலாளி ஒருவர் பெயரேனும் வரலாற்றில் இடம்பெறவில்லை. இதனை நாம் சொல்லாமல் விடுவது முறையாகாது.

1798-இல் கிரெவில், ஆசியக் குருந்தக் கல்லைப் பற்றித் தாம் எழுதிய கட்டுரையை இலண்டன் அரச கழகத்தின் முன் வைத்தார். தமிழ்ச் சொல் ஒன்று ‘கொரண்டம்’ என உலக அறிவியலில் நிலைபெற்றது இவ்வாறுதான்.

அக்காலத்தில் பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி, செல்வம் அனைத்தையும் இழந்து, இலண்டனில் அடைக்கலம் புகுந்திருந்தார் பூர்னோன் என்னும் பிரபு. படிக நூலில் வல்லவர். ஒரு காலத்தில் தமக்கெனத் தொகுதி வைத்திருந்த அவர், இப்போது பிறருடைய பேழைகளை ஒழுங்கு செய்து காலம் கழிக்க வேண்டியவரானார். கிரெவிலின் பேழை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதில் அவர் கண்டது என்ன? பரமத்தியின் மங்கலான சாணைக்கற்கள் ஓர் அறையில். கீழை நாடுகளிலிருந்து வந்த மாணிக்கங்களும் நீலங்களும் மற்றோர் அறையில். அவற்றுள் பட்டை தீட்டாதனவும் இருந்தன. பட்டை தீட்டியவுடன் கல் தன் பிறவி வடிவத்தை இழந்துவிடும். ஆறு பக்கம் கொண்ட அந்தப் பிறவி வடிவம் சிதையாமல் இருந்ததால், பூர்னோன் அவற்றின் கோணங்களை அளந்து ஒப்பிட முடிந்தது. கோணம் ஒத்தது; எடையின் விகிதம் ஒத்தது; கடினமும் ஒத்தது. செனிவிக்ஸ் என்னும் வேதியியலார் அக்கற்களைப் பகுத்துக் காட்டினார். 1802-இல் இருவர் கட்டுரைகளும் வெளிவந்தன. அரசர் முடியில் பதிக்கும் மாணிக்கமும், நீலமும், கொல்லன் சாணையில் தேயும் குருந்தமும் ஒரே கனிமம் என்பது அவற்றால் உறுதிப்பட்டது.

மூன்றும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரே பொருளே. சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலம். நிறத்தை மட்டும் நம்பிய மணி வணிகம் இதற்கு முன்பே ஏமாந்திருந்தது. பிரிட்டிஷ் அரச முடியில் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ என்று போற்றப்படும் பெருங்கல் மாணிக்கமே அன்று. ஸ்பினல் என்னும் வேறு கல். அதைக் குறை கூறவேண்டுவதில்லை, அழகிய கல்தான். ஆயினும் பெயர் பொய்.

இந்த உண்மை ஏட்டோடு நின்றுவிடவில்லை. வியன்னா நகரத்து வங்கியாளர் ஒருவரின் கல் தொகுதியைப் பட்டியலிடச் சென்றதன் வாயிலாகப் பெயர்பெற்ற மோஸ் என்பவர், பின்னர்க் கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தினார். அவ்வரிசையில் வைரம் பத்தாவது, குருந்தம் ஒன்பதாவது. மாணிக்கம் அலுமினாவே என்று தெரிந்தபின் அதை உலையில் ஆக்குதல் இயலும் அன்றோ? வெர்னாய் என்னும் பிரெஞ்சுக்காரர் 1902-இல் அதன் முறையை வெளியிட்டார். கைக்கடிகாரத்தில் சக்கர அச்சுகளைத் தாங்கும் சிவப்புக் கற்கள் அம்முறையால் பெருகின. 1960-இல் மெய்மன் உருவாக்கிய முதல் லேசர்க் கருவியின் உள்ளே இருந்ததும் செயற்கை மாணிக்கத் தண்டே.

கிரெவில் 1809-இல் காலமானார். ஏறத்தாழ 14,800 கற்கள் கொண்ட அவர் தொகுதியை, மறு ஆண்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக 13,727 பவுன் கொடுத்து நாடாளுமன்றம் வாங்கச் செய்தது. அக்காலத்தில் அது பெருந்தொகை. கல்லுக்கு இத்தனை பொன்னா என்று முணுமுணுப்போர் எந்நாட்டிலும் இருப்பர். இன்று அத்தொகுதி இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் உடைமை.

இனி, அந்தச் சாணைக்கல் ஒட்டியிருந்த தாய்ப்பாறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணி வணிகன் அதைத் தட்டி எறிந்திருப்பான். பூர்னோன் அவ்வெண்ணிறப் பொருளையும் ஆராய்ந்து, அதற்கு ‘இந்தியானைட்’ என்று 1802-இல் பெயரிட்டார். அது அனார்த்தைட் என்னும் கனிமமே என்பது பின்னர்த் தெரியவந்ததால் அப்பெயர் வழக்கொழிந்தது. ஆனால் பாறை இருக்கிறது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அது பரந்து கிடக்கிறது, அனார்த்தோசைட் என்பர். நிலவின் உயர்நிலப் பரப்பும் பெரும்பாலும் அவ்வினப் பாறையே. ஆதலால் 2019-இல் புறப்பட்ட சந்திரயான்-2 கலத்தின் இறங்கு கருவியைத் தரையில் சோதித்துப் பார்க்க நிலவு மண் போன்ற மண் வேண்டியிருந்தபோது, நம் விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய சிற்றூர்களின் பாறையை வெட்டியெடுத்து, பொடியாக்கி, பெங்களூருக்குக் கொண்டு சென்றனர்.