களங்கனியும் களாக்காயும்

ஊறுகாய் ஜாடியின் வாயிலாக மட்டுமே களாவை அறிந்தவர்கள், அதன் பெயருக்குள் இருக்கும் கருமையைப் பெரும்பாலும் கண்டிரார். ஏனெனில் காய் பச்சையும் இளஞ்சிவப்புமாய்த் திரண்டிருக்கும்போதே பறிக்கப்பட்டு, கீறி, விதை நீங்கி, உப்பிலும் மிளகாய்ப் பொடியிலும் ஊறத் தொடங்கிவிடுகிறது. ஆனால் சங்கப் புலவர் கண் பதித்தது கனியின்மீதே. ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியாரும் பேகனிடம் சென்ற பரணரும், புறநானூற்றின் 127, 145-ஆம் பாட்டுகளில், சீறியாழின் கரிய கோட்டுக்கு உவமை தேடுகையில் இருவருமே எடுத்துக்கொண்டது களங்கனியைத்தான். 'கள்' என்னும் அடிக்குக் கருமைப்பொருள் உண்டென்று கொள்வோர் கூற்று, இவ்வுவமைகளைப் பார்த்தபின் எனக்கு மிகையாகத் தோன்றவில்லை.

விளா விளவு என்றும் வழங்குவதுபோலக் களாவும் களவு என்று வழங்கியது. அகநானூற்றின் 394-ஆம் பாட்டு, களவின் புளிப்பையும் விளவின் கனிவையும் அடுத்தடுத்து வைத்தே பருவத்தைச் சொல்கிறது. (திருட்டுக்கும் இதே சொல் வாய்த்தது தற்செயலாயினும், வேலியோரச் சிறுவர்களை எண்ணும்போது பொருத்தமாகவே படுகிறது.) பதிற்றுப்பத்தின் நான்காம் பத்துக்குரிய சேரனோ, முடி சூடும் வேளையில் உரிய கண்ணியும் முடியும் வந்து சேராமையால், களங்காயால் கண்ணியும் நாரால் முடியும் செய்து அணிந்ததால், பழைய உரையின்படி, களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல் என்றே பெயர் பெற்றான். களாவின் பெயர் வடமொழியில் கரமர்தம், இந்தியில் கரௌந்தா. இத்தகைய வழக்கொன்றிலிருந்தே 1767-இல் லின்னேயஸ் இட்ட 'கரிஸ்ஸா கரண்டாஸ்' என்ற பெயரின் பின்பாதி பிறந்தது.

தோட்டத்தில் வளர்ப்பவருக்கு இச்செடி அதிக சிரமம் தராது. விதை விரைவில் முளைப்பாற்றலை இழப்பதால், நன்கு பழுத்த கனியிலிருந்து எடுத்தவுடனேயே ஊன்றிவிட வேண்டும் என்பதொன்றே முக்கியம். வேர் பிடித்தபின் வெயிலையும் வறட்சியையும் பொருட்படுத்தாது, தண்ணீர் தேங்குவதையே வெறுக்கும். அரளியின் குடும்பத்தில் பிறந்தும் உண்ணத்தக்க கனி தருவது இதன் விசேஷம். வெண்ணிறப் பூக்கள் சிறு மல்லிகையை ஒத்து மணக்கும். இரட்டை இரட்டையாய் நிற்கும் முட்கள், வேலிக்கென்றே அமைந்தவைபோல் ஆட்டையும் மாட்டையும் அண்டவிடா.

என் வீட்டு வேலியில், காயைக் கிள்ளிய காம்பிலிருந்து வெள்ளைப் பால் துளிர்த்து விரல் நுனிகளை ஒட்டவைக்கும். எண்ணெய் தேய்க்காமல் எளிதில் போகாது. தெருப்பக்கத்துக் கிளைகளில் ஆவணிக்குள் ஒரு காயும் மிஞ்சுவதில்லை. கிணற்றுச் சுவரை ஒட்டி, கை நுழையாத முட்களின் நடுவே தப்பிய ஐந்தாறு மட்டும் சிவந்து, ஊதா பாய்ந்து, கடைசியில் யாழ்க்கோட்டின் நிறத்துக்கு வந்து சேர்கின்றன.